உறைமோர்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
சக்கர நாற்காலி ஏறாத படிகளை
எண்ணத் தொடங்கியது ஒரு மே மாதம்.
வேலூர் வெயிலில் ஃபோன் திரை கருத்துப்போகும்.
துண்டைப் போர்த்தி, உள்ளே தலையை விட்டு
ஒவ்வொரு கடையாகக் குறித்தோம்.
மருந்துக்கடை: மூன்று படி, கைப்பிடி இல்லை.
லாட்ஜ்: லிஃப்ட் உண்டு, ஓடாது.
கட்டணக் கழிப்பறை: இரவு ஒன்பதுக்குப் பூட்டு.

ஆறு பேர், பதினாலு மாதம்.
வரைபடத்தை எவரும் எடுக்கலாம்.
அச்சடிக்கலாம், விற்கலாம்கூட.
நானே விற்கிறேன், என் ஜெராக்ஸ் கடையில்,
தாள் இரண்டு ரூபாய்.
அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை:
இதில் நீ சேர்ப்பதையும்
இதே நிபந்தனையோடு வெளியே வை.

வீட்டுக்கே மருந்து கொண்டுதரும் கம்பெனி வந்தது.
காட்பாடியிலிருந்து பாகாயம் வரை
பதினோராயிரம் கதவு எண்கள் அவர்களிடம்.
உங்கள் படிகளும் எங்கள் கதவுகளும் சேர்ந்தால், என்று
காபி வாங்கிக் கொடுத்த வக்கீல்
பொடி எழுத்தைப் படித்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.
"உங்களுடையது ஒரு கரண்டி விழுந்தால்
எங்கள் அண்டாப் பால் மொத்தமும் தயிராகிடுமே!"
"உறை வாங்கினா அப்படித்தான் சார்," என்றாள் சுலேகா.
"எங்க தெருவுல உறை வாங்கினவ
மறுநாள் இன்னொருத்தி கிண்ணத்தோட வந்தா
இல்லைன்னு கதவைச் சாத்த மாட்டா."
வக்கீல் சிரித்தார்.
கதவுகள் வரவில்லை.

அன்றிரவே தேவநேசன் விலகினான்.
"தண்ணீர்ப் பந்தல் வெச்சவன்
குடிச்சவனைப் பார்த்து
நீயும் ஒரு பந்தல் வைன்னு சொல்வானா?"
எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.
அவன் குறித்த தொள்ளாயிரம் தெருவிளக்குகள்
எங்களிடமே எரிகின்றன.
கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும்
அந்த நிபந்தனையில் வழியில்லை.

ஓவர்சியர் முனிரத்தினத்திடம்
நாலு வார்டின் சாக்கடை மூடிகள் பட்டியலாக இருந்தன.
தரத்தான் நினைத்தார்.
"இதே நிபந்தனைன்னா கையெழுத்து யார் போடறது?"
கோப்பு சத்துவாச்சாரி வரை போய்
காது மடங்கித் திரும்பியது.
நாங்களே நடந்து எண்ணினோம், நானூற்றுப் பன்னிரண்டு.
அவர் மேசையிலும் அதே எண்ணிக்கை
இருந்திருக்கலாம்.

சுலேகா வந்ததே அந்தப் பொடி எழுத்துக்காக.
சைதாப்பேட்டையில் நாள்வாடகைக்கு அறை தரும்
நாற்பத்து மூன்று வீடுகளை
கதவு தட்டித் தட்டிச் சேர்த்து
ஒரு செயலிக்குச் சும்மா கொடுத்திருந்தாள்.
ஆறு மாதத்தில் அவள் எண்களுக்குப் பூட்டு விழுந்தது.
திறக்க நாற்பத்தொன்பது ரூபாய்.
ஒன்றைத் தொலைத்துவிட்டு
அவளே கட்டியிருக்கிறாள்.

பழைய டைரியில் கணக்கு வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் போனவர்கள், வலப்பக்கம் வந்தவர்கள்.
போனவர்களில் ஒருத்தி திருத்தணிக்கு மணமாகிப் போனாள்.
ஒருவன் இரவு ஷிஃப்ட்.
ஒருவனுக்கு என் பேச்சே பிடிக்கவில்லை.
நிபந்தனையால் போனது எத்தனை என்று
பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.
வராமலே போனவர்களுக்கு
டைரியில் பக்கமே இல்லை.

போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு
யாரோ தபஸ், மால்டாக்காரன்,
முப்பத்தொரு லாட்ஜுக்கு வங்காளியில் பெயர் எழுதியிருந்தான்.
அம்மாவுக்குக் கீமோ, தூக்கமில்லை என்று
குறிப்பில் ஒரு வரி.
சம்மதம் என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு,
எல்லோரையும் போல,
படிக்காமல்தான் உள்ளே வந்திருப்பான்.
எங்கள் சண்டை எதுவும் அவனுக்குத் தெரியாது.
போகிற போக்கில் என் பிழை ஒன்றையும் திருத்தியிருந்தான்:
ரத்தப் பரிசோதனைக் கூடம், சரிவுப்பாதை உண்டு,
ஆனால் அதன்மேல் பைக் நிறுத்துகிறார்கள்.

காலையில் கடை திறக்குமுன் போய்ப் பார்த்தேன்.
இரண்டு பைக்.